செடிச் சங்கத்துக்கு ஒரு ஆள் குறையுது

— இம்பெராட்டா.

— எம்பரட்டா.

— எம் இல்ல முனியாண்டி, இம். இம்பெராட்டா. லாலாங் புல்லுக்கு லத்தீன்ல அதுதான் பேரு. இன்னொரு தடவ சொல்லு.

— அதைத்தானே கிராணியாரே சொல்றேன், எம்பரட்டா. நாக்கு வரளுதுலா. காலையில இருந்து ஒரே ஒரு புல்லுக்குப் பேரு வச்சிக்கிட்டிருக்கோம்.

— ஜூலியஸ் கிராணியாரே, நீங்க செத்த இருங்க, எம்புருசனுக்கு நான் சொல்லித் தரேன். இந்தாருய்யா, உன் சித்தப்பன் தலை எப்படி இருக்கும்?

— பரட்டையா இருக்கும்.

— லாலாங் பூத்து நின்னா எப்படி இருக்கும்?

— அவரு தலை மாதிரியேதான் பிச்ச. வெள்ளை வெளேர்னு, காத்துல ஆடிக்கிட்டு.

— அப்ப எம் பரட்டைன்னு நெனச்சுக்க. முடிஞ்சுபோச்சு.

— பிச்சையம்மா, விளையாட்டு இல்லம்மா இது. இந்தச் செடி ஆபீஸுக்குப் பெரியவரா வந்த ஹிராத்தா துவான் மத்த சப்பான்காரன் மாதிரி இல்ல. செடி படிச்சவரு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒரு இலையத் திருப்பித் திருப்பி அரை மணி நேரம் பாக்குற மனுசன். நீ என்ன ஆராய்ச்சி பண்றேன்னு அவரு கேட்டா, இவன் சித்தப்பா தலையையா சொல்லுவான்?

— விளையாட்டுன்னு யாருங்க சொன்னா? வேலை வாங்குற மண்டோர் இவரு பேர சயாம்ல ரயில் ரோடு போடக் குடுத்துட்டான், போனவன் எவனும் திரும்பி வரல. அடுத்த லாரியில இவருதான். நீங்க சங்கத்துல சேத்துக்கிறேன்னு சொன்னீங்க, சங்கத்து ஆளுன்னா சயாம் கெடையாதுன்னு சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் நாளத் தள்ளிக்கிட்டிருக்கேன். விளையாட்டாம்ல.

— நான் சொல்லலம்மா, துவான் சொன்னாரு. 'செடி ஆராய்ச்சி பண்றவன் எனக்கு வேணும், ரயில்காரனுக்குத் தரமாட்டேன்'னு என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாரு, நல்ல மலாய்ல. ஆனா சங்கம்னா பன்னெண்டு பேர் வேணும். அது பழைய சட்டத்துலயே இருக்கு. கொறஞ்சா கூட்டம் செல்லாது. சின்னையா காய்ச்சல்ல போயிட்டதால ஒரு ஆள் குறையுது.

— அப்ப செத்தவன் எடத்துக்குத்தான் நானா?

— வாயக் கழுவுய்யா.

— இல்ல புள்ள, தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டேன். ரப்பர் மரத்துல பால் வெட்டுனேன், இப்ப கெழங்கு தோண்டுறேன். நான் என்னிக்கு ஆராய்ச்சி பண்ணேன்?

— மத்தவங்க மட்டும் என்னவாம் முனியாண்டி? ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற டிரெசர் பரஞ்சோதி, அவரு பாசி ஆராய்ச்சி. மருதம்மாள் புருசன், தொரை பங்களாவுல சமையல் கோக்கியா இருந்தானே, அவன் மிளகாய் ஆராய்ச்சி.

— அவன் தொரை தோட்டத்து மிளகாயத் திருடி வித்தவன்ல?

— அதெல்லாம் மினிட்ஸ்ல எழுத வேண்டாம். இப்ப ஆராய்ச்சியாளர்.

— சிரிக்காதய்யா, இருமல் வந்துரும். இந்தா, இந்தக் கஞ்சியக் குடி. கிராணியாரே, உங்களுக்கும் ஒரு வாய் ஊத்தட்டா? கெழங்கு மாவுதான், உப்பு இல்ல.

— கொஞ்சமா ஊத்தும்மா. மேசையில ஒரு பீங்கான் கோப்பை இருக்கும் பாரு. சங்கத்துக் கோப்பை. அது ஒண்ணுதான் மிச்சம்.

— இந்தச் செடி ஆபீஸ்ல கூட்டம் நடக்கும்போது நான் நாத்துக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருப்பேன். உள்ள வெள்ளைக்காரனுங்க சிரிக்கிற சத்தம் கேக்கும். புல்லுக்கும் பூண்டுக்குமா இம்புட்டுச் சிரிப்புன்னு தோணும். அப்படி என்னதாங்க பேசுவாங்க?

— செடி கதைதான். நம்ம லயத்து வீடுங்கள்ல குழாயடியில நின்னு அடுத்த வீட்டு விசயம் பேசுவீங்கள்ல, அதே மாதிரி. உங்க தோட்டத்து மரத்துக்கு என்ன நோவு, எங்க ஒட்டுக்கன்னு எப்படி நிக்குது, அந்த விதை மொளைச்சுதா இல்லையா. இங்க செமிலிங்ல ஒரு இலை புள்ளி விழுந்து உதிர்ந்துச்சுன்னா, அடுத்த கப்பல்ல அது சிலோனுக்குப் போகும், ஜாவாவுக்குப் போகும். அங்க ஒருத்தன் பாத்துட்டு, 'எங்க மரத்துக்கும் இது வந்துச்சு, இந்த மருந்து அடி'ன்னு எழுதுவான். மொகம் பாத்தது கெடையாது, பேரும் செடியும்தான் பழக்கம். ஒட்டுக்குச்சிய வாழப்பட்டையில சுத்தி அனுப்புவோம். எத்தனை நாள் கழிச்சு எடுத்தாலும் பச்சை அப்படியே இருக்கும். எனக்கு அதுல ஒரு மயக்கம் பிச்சையம்மா. சண்டை வந்து எல்லாம் அத்துப்போச்சேன்னு பலரும் பலதுக்கு அழுவுறாங்க. நான் இதுக்குத்தான் அழுதேன்.

— நீங்களும் அந்தச் சங்கத்து ஆளா?

— நான் டீ போடுற ஆளு.

— கிராணியாரே...

— என்ன முனியாண்டி பாக்குற? அதுதான் உண்மை. இருபது வருசம் இந்த ஆபீஸ்ல எழுத்து வேலை பாத்தேன், பேருதான் கிராணி. நாற்காலி போடுவேன், டீ குடுப்பேன், அவங்க பேசுறத மினிட்ஸ் எழுதுவேன். சேர்த்துக்கங்கன்னு ரெண்டு தடவ வாய்விட்டுக் கேட்டேன். 'பார்க்கலாம் ஜூலியஸ்'ன்னாங்க. வருசா வருசம் ரிப்போர்ட் அச்சாகி வரும். முன்னாடியெல்லாம் பெரிய பெரிய பேரு. கடைசிப் பக்கத்துல, கடைசி வரியில, 'தேநீர் ஏற்பாடு: ஜூலியஸ்'. அச்சுல என் பேரு வந்தது அங்க மட்டும்தான்.

— பாவிங்க. அப்புறம் எதுக்குங்க அந்தக் கோப்பையத் தொடச்சுத் தொடச்சு வச்சிருக்கீங்க?

— கேளும்மா. ஹிராத்தா துவான் மொத நாள் இங்க வந்தாரு. பின்னாலயே துப்பாக்கி புடிச்ச ஆளு. 'உன் பேரு என்ன'ன்னாரு. ஜூலியஸ்னேன். அந்த மனுசன் சிரிச்சாரு பாரு. 'டீ ஜூலியஸா? பார்மோசா தீவுல எங்க ஆபீஸுக்கு உங்க ரிப்போர்ட் வரும், ஒரு வரி விடாம படிப்பேன், கடைசி வரி உன் பேருதானே'ன்னு கேட்டுக் கை குடுத்தாரு. எனக்குக் கை குடுத்த மொத ஆளு அவருதான். அன்னிக்கே சொல்லிட்டாரு, 'சங்கத்தத் திரும்ப ஆரம்பி, இனிமே செயலாளர் நீதான்'னு.

— அதான் தெனமும் அந்தக் கோட்ட மாட்டிக்கிட்டுக் கெழங்கு தோண்ட வரீங்க.

— போடா. குளுருக்குப் போடுறேன்.

— கோவிச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன். எனக்கு எல்லாமே அலுத்துப்போச்சு கிராணியாரே. வெள்ளைக்காரன் இருந்தப்ப விடியறதுக்குள்ள ஆள் கணக்கெடுக்கப் பெரட்டுக்கு நிக்கணும். இப்ப சப்பான் ராசாவுக்குக் கெழக்குப் பாத்துக் குனியணும். சயாமுன்னாலும் சரி, சங்கமுன்னாலும் சரி, எங்கியாவது கொண்டுபோய்ப் படுக்க விட்டாப் போதும்னு இருக்கு.

— நீ படுத்துக்குவ. ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? பேச்சப் பாரு. எந்தம்பி போன மாதிரி நீயும் போயிறலாம்னு பாக்குறியா?

— உன் தம்பி பழனியாண்டி சேதி ஏதாவது வந்துச்சாம்மா?

— என்ன சேதி வரும்? புக்கிட் செலம்பாவ்ல ஒரு கூட்டம்னு கூப்பிட்டான் சப்பான்காரன். அரிசி குடுக்கப் போறான், குடும்பத்துக்கு ஒரு ஆம்பளை வரணும்னான். அரிசின்னதும் ஓடியிருக்கான் கிறுக்கன். போனவன அப்படியே சயாமுக்கு ஏத்திட்டானுங்க. அவன் பொண்டாட்டி பாப்பம்மா நேத்துத்தான் நடந்தே இங்க வந்தா. லயத்துல படுத்துக் கெடக்குறா. கால் வீங்கிப்போச்சு. அழக்கூட அவளுக்குத் தெம்பு இல்ல.

— அது வேற கூட்டம்மா. நாளைக்கு நடக்கப் போறது சங்கக் கூட்டம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத.

— கூட்டம்னாலே இப்ப எனக்குப் பயமாத்தாங்க இருக்கு.

— அதுக்குத்தான் முறையாப் பண்ணணும்னு சொல்றேன். முனியாண்டி, எந்திரி. நான் தீர்மானத்தப் படிப்பேன். பரஞ்சோதி 'முன்மொழிகிறேன்'னு சொல்லுவாரு. ஒடனே நீ கையத் தூக்கி, 'வழிமொழிகிறேன்'னு சொல்லணும்.

— வழி... யாருக்கு வழி விடணும்?

— யாருக்கும் விட வேண்டாம். இங்கிலீஸ் பேசக்கூடாதுன்னு உத்தரவு. அதான் நான் ஒக்காந்து தமிழ்ல மாத்தி வச்சிருக்கேன். அவரு சொன்னதுக்கு நீயும் ஒத்துக்கிறேன்னு அர்த்தம்.

— என்ன தீர்மானம்னு தெரியாம எப்படி ஒத்துக்கிறது?

— பூரா சங்கத்துலயும் அப்படித்தான்டா ஒத்துக்குவாங்க. சொல்லு.

— வழிமொழிகிறேன்.

— பரவால்லயே! அப்புறம் துவான் கேப்பாரு, லாலாங்க எப்படி ஒழிக்கிறது? நீ என்ன சொல்லுவ?

— ஒழிக்க முடியாது துவான். தோண்டத் தோண்ட வரும். எங்களையும் அப்படித்தான் நெனச்சீங்க, ஆனா நாங்க வரமாட்டோம்.

— முனியாண்டி!

— சரி, சரி. வேரோட தோண்டி, வெயில்ல காயப்போட்டு, மேல கொடி படர விடணும். இம்... இம்பரட்டா.

— இம் வந்துருச்சு! பிச்சையம்மா, கேட்டியா? இம் வந்துருச்சு.

— கேட்டேங்க. மாரியாத்தா புண்ணியம். கிராணியாரே, நான் ஒண்ணு சொல்லணும். உங்களுக்கு இதுல என்ன லாபம்னு லயத்துல பேசுறாங்க. சப்பான்காரனுக்கு வால் புடிக்கிறாருன்னு பேசுறாங்க. நான் அப்படி நெனைக்கல. எம்புருசன் உசுர நீங்கதான் புடிச்சு வச்சிருக்கீங்க. அத மறக்க மாட்டேன்.

— பேசட்டும்மா. லாபம் இருக்கு. மறைக்கல. என் மகன் கென்னத்துக்குப் பத்தொம்பது வயசாச்சு. அந்த வயசுக்காரனத்தான் சயாமுக்கு மொதல்ல ஏத்துறான். என் சம்சாரம் பிரிஜெட் சாகும்போது எங்கிட்ட ஒண்ணுதான் கேட்டா, பையனப் பாத்துக்கங்கன்னா. சங்கத்துல மொதப் பேரு அவன் பேருதான் எழுதினேன். அப்புறம்தான் என் பேரு. அவனுக்குச் செடி மேல நெசமாவே ஆசை. இந்தச் சண்டை முடிஞ்சா, சிலோனுக்கும் ஜாவாவுக்கும் அவன் பேர்ல இலை போகும். டீ போடுறவன் பேர்ல இல்ல. ஆராய்ச்சி பண்றவன் பேர்ல.

— கென்னத் தம்பி எங்கங்க, காலையில இருந்து காணோம்? அது இருந்திருந்தா இவருக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கும்.

— சங்கத்து வேலையா வெளிய போயிருக்கான். சரி, நேரமாச்சு. சங்கத்து ஆளுங்கள ஏத்திக்கிற லாரி வந்துரும். வெள்ளைச் சட்டை ஏதாவது இருக்கா முனியாண்டி?

— சாக்குத்துணிதான் இருக்கு. அதுலயும் பின்பக்கம் கோசோங், ஒண்ணுமே இல்ல.

— இந்தா என் சட்டை, இப்பவே மாட்டிக்க. கூட்டம் நாளைக்குக் காலையிலதான், ஆனா ராத்திரியே அங்க இருக்கணும். குருண்ல.

— குருண்லயா? இங்க இல்லையா?

— இது வருசக் கூட்டம்மா. வருசக் கூட்டம்னா எப்பவும் குருண்தான். ஸ்டேசன் பக்கத்து மைதானத்துல கொட்டாய் போடுவோம். பினாங்குல இருந்து, அலோர் ஸ்டார்ல இருந்து ஆளுங்க ரயில்ல வந்து எறங்கணும்ல. கூட்டம் முடிஞ்சு எல்லாரும் ஜெராய் மலை ஏறுவாங்க. ஒரு ராத்திரி மேல தங்கிச் செடி பொறுக்குவாங்க. நான் மூட்டை தூக்கிக்கிட்டுப் பின்னாலயே போவேன். மேகம் வந்து மூஞ்சியில ஒரசும். இந்த வருசம் மூட்டை தூக்காம ஏறப் போறேன். சிரிக்காதீங்க, நேத்து அத நெனச்சுத் தூக்கமே வரல.

— சிரிக்கல கிராணியாரே. ஏறுங்க. எனக்குத்தான் மலை ஏறக் காலு வராது. காய்ச்சல் விட்டு விட்டு அடிக்குது.

— நான் புடிச்சுக்கிறேன் வாடா. குருண்ல கூட்டம்னு நோட்டீஸ் வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, துவான் பழைய ரிப்போர்ட்ட முழுசாப் படிச்சிருக்காருன்னு. நோட்டீஸ்ல கடைசி வரியப் பாத்ததும் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. நான் வருசா வருசம் எழுதுற அதே வரி.

— அப்படி என்னங்க வரி அது?

— ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு போர்வை கொண்டாரவும். மலை மேல தட்டும் கெடையாது, குளுரும் தாங்காது. அதான். தட்டு இருக்கில்ல?

— தட்டு இருக்கு. போர்வை எங்ககிட்ட ஒண்ணுதாங்க இருக்கு, ரெண்டு புள்ளைங்களும் அதுலதான் படுக்குதுங்க. சரி, ஒரு ராத்திரிதான, நான் சீலைய... கிராணியாரே.

— என்னம்மா?

— திரும்பச் சொல்லுங்க.

— எத?

— அந்தக் கடைசி வரிய.

— ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு போர்வை. ஏம்மா, மொகம் ஏன் இப்படிப் போகுது?

— எந்தம்பிக்கும் அதத்தான் சொல்லியிருக்கான்.

— என்ன?

— நேத்து பாப்பம்மா சொன்னா. நான் சரியாக் காதுல வாங்கல, அவ காலுக்கு எண்ணெ தடவிக்கிட்டிருந்தேன். 'அரிசி வாங்கப் போறவன் சாக்குதான கொண்டு போகணும் அண்ணி, தட்டும் போர்வையும் கொண்டாங்கன்னு சொன்னாங்க, நானும் மடிச்சுக் குடுத்தேனே, என் கையால மடிச்சுக் குடுத்தேனே'ன்னு அதையே சொல்லிச் சொல்லிப் பொலம்புனா. குருண் ஸ்டேசன்ல வச்சுத்தான் சரக்கு ரயில் பெட்டியில ஏத்தியிருக்கான். வெளிய பூட்டி.

— இல்லம்மா. அது வேற. இது சங்கத்து வழக்கம். நாங்க எப்பவும்...

— கிராணியாரே, நான் ஒண்ணு கேக்குறேன். அந்தக் கண்ணாடி துவான நீங்க கடைசியா எப்பப் பாத்தீங்க?

— மழை புடிக்கிறதுக்கு முன்னாடி. அவர ரங்கூனுக்கு மாத்திட்டாங்கன்னு ஆபீஸ்ல ஒரு பேச்சு. நான் நம்பல முனியாண்டி. போறதா இருந்தா எங்கிட்டச் சொல்லாமப் போகமாட்டாரு.

— அப்ப நோட்டீஸ்ல யாரு கையெழுத்து?

— கையெழுத்து இல்ல. ஆபீஸ் முத்திரைதான்.

— நம்ம பேரெல்லாம் ஆபீஸுக்கு எப்படித் தெரியும்?

— நான்தான் குடுத்தேன். சங்கம்னா பதிவு பண்ணணுமே. பேரு, வயசு, ஒடம்புக்கு எப்படி, எல்லாம் அழகா எழுதி...

— போதும். இந்தாய்யா, எந்திரி. அந்தச் சட்டையக் கழட்டு, வெள்ளை தூரத்துலயே தெரியும். பின்பக்கமாப் போய்ப் பால்மரக் காட்டுக்குள்ள எறங்கு. ஆத்தோரமாவே நட. எங்கயும் நிக்காத.

— புள்ளைங்க?

— நான் இருக்கேன். கேட்டா, சங்கத்துக்குப் போயிட்டாருன்னு சொல்றேன். போய்யா, லாரி சத்தம் கேக்குது, கேக்கலியா உனக்கு?

— கேக்குது. கிராணியாரே, எந்திரிங்க. வாங்க, ரெண்டு பேரும் போயிறலாம். ஏன் ஒக்காந்துட்டீங்க? கோப்பைய வைங்க, கீழ வைங்க கிராணியாரே.

— நீ போ.

— நீங்க வரலியா?

— கென்னத்தக் காலையிலயே குருணுக்கு அனுப்பி வச்சிட்டேன்டா. முன்னாடி போய் நாற்காலி எடுத்துப் போடுன்னு.